வடக்கு ஊருணித் தெருவைப் பற்றி என்னைக் கேட்காதே

போன வாரம் கார்த்திகா போன் செய்தாள். நான் வேலை பார்த்த வீட்டுக்கடன் கம்பெனியின் புதுக்கோட்டைக் கிளையில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். வேலை அதேதான். யாராவது வீடோ மனையோ வாங்கக் கடன் கேட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டடம் எப்படி, தெரு எப்படி, அந்தப் பகுதியில் வாங்குவது அவர்களுக்கு ஆகுமா ஆகாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது அதற்கும் செல்போனில் ஒரு ஆப் வந்துவிட்டதாம். தெருப்பெயரைப் போட்டால் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், விலை ஏறுமா என்றெல்லாம் சொல்லி மார்க்கும் போட்டுவிடுகிறதாம்.

"மேடம், வடக்கு ஊருணித் தெருவுக்கு நல்ல மார்க் வந்திருக்கு. ஆனா கேக்கிறவங்க சின்னக் குடும்பம். குடியிருக்கத்தான் வாங்குறாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்தத் தெருவைப் பத்தி மட்டும் என்னைக் கேக்காதே," என்றேன்.

வெடுக்கென்று வந்துவிட்டது. எனக்கு வாய் அப்படித்தான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் "சாரி மேடம்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் நானே கூப்பிட்டேன். கோபமில்லை என்று சொன்னேன். "அப்ப எழுதியாச்சும் குடுங்க மேடம். ஒரு தெரு நல்ல தெருவான்னு நீங்கள்லாம் எப்படித்தான் முடிவு பண்ணீங்கன்னு தெரிஞ்சுக்கிறேன்" என்றாள். எழுதுகிறேன். அவள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

நான் ஆவூர்க்காரி. அப்பா வாத்தியார். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்தேன். கொஞ்ச காலம் ஒரு காண்ட்ராக்டரிடம் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்தேன், அதற்குப் பெயர் சூப்பர்வைசர். பிறகு இந்தக் கம்பெனி. "பொம்பளைப் புள்ளை சைட்டுக்கெல்லாம் போயிருவியாம்மா?" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். "போயிட்டுத்தான் சார் வாரேன்" என்று செருப்பில் இருந்த சிமெண்டைக் காட்டினேன். வேலை கிடைத்தது. ஒரு மொபெட் வாங்கினேன். அதிலேயே இந்த ஜில்லாவில் பாதியைச் சுற்றியிருக்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் வைரவன் சார். இடம் பார்ப்பதில் கிளையின் கடைசி வார்த்தை அவருடையது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், சட்டைப்பையில் ஒரு பேனா, ஒரு சின்ன டார்ச். விற்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். காபி கொண்டு வந்து நீட்டினால், "வைங்க" என்பார். வைத்தது வைத்தபடியே ஆறிக் கிடக்கும். வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் எதுவும் சொல்ல மாட்டார். கிளம்பும்போது "பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர்கள் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட வேண்டியதுதான்.

நான் எழுதிய முதல் ரிப்போர்ட்டில் "நல்ல ஏரியா" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"நல்ல ஏரியான்னா யாருக்கும்மா நல்லது?"

நான் ரிப்போர்ட்டைத் திருப்பி எடுத்துப் பார்த்தேன்.

"இருக்கிறதுக்கா, போட்டு வைக்கிறதுக்கா? குடியிருக்கிறவனுக்கு நல்ல தெரு வேற. காசைப் போட்டு வைக்கிறவனுக்கு நல்ல தெரு வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதே."

அவருடைய முறை இதுதான். வண்டியைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிடுவார். வீட்டுக்கு நேராகப் போக மாட்டார். தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார். எந்த வீட்டு வாசலில் எத்தனை கரண்டு மீட்டர் என்று பார்ப்பார். ஒரே வீட்டில் மீட்டர் வரிசையாக இருந்தால், அது வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற தெரு. அயர்ன் வண்டி நின்றால் துணி மூட்டையை எட்டிப் பார்ப்பார். பள்ளிக்கூட யூனிபார்ம் அதிகம் கிடந்தால் குடும்பங்கள் நிலைத்திருக்கிற தெரு. வெறும் சட்டையும் பேன்டுமாகக் கிடந்தால் ரூம் எடுத்துத் தங்குகிற பையன்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியானால் வாடகை ஏறும், முதலீட்டுக்கு ஆகும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடியிருக்க ஆகாது. கல்யாண மண்டபம் எவ்வளவு கிட்டே, மதுக்கடைக்குப் போகிற வழியா, தெருவுக்குள் கிளினிக்கும் கடையும் நுழைய ஆரம்பித்துவிட்டதா, எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். உள்ளே போனால் சுவரின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தடவுவார். ஓதம் ஏறியிருந்தால் சில்லென்று தெரியும்.

கடைசியாக ஒன்று. மழை பெய்த பிறகு ஒருதரம் போய்ப் பார்க்காமல் எந்த இடத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டார். ஏற்கெனவே மழையில் பார்த்த பகுதி என்றாலோ, தண்ணீர் நிற்கவே வழியில்லாத மேட்டு நிலம் என்றாலோ விட்டுவிடுவார். மற்றதற்கெல்லாம் மழை வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு. கோடையில் போய்ப் பார்த்திருக்கிறார். நம் ஊர்க் கோடையைச் சொல்ல வேண்டுமா, கண்மாய் எது, கட்டாந்தரை எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. கல் நட்டு, கலர் கொடி கட்டி, சமதளமாகக் கிடந்திருக்கிறது. நல்ல இடம் என்று எழுதிவிட்டார். ஒரு குடும்பம் கடன் வாங்கி வீடு கட்டிக் குடிபோனது. ஐப்பசி மழையில் கண்மாய் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் கைப்பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அந்தப் பெண் நின்றதை இவர் நேரில் பார்த்திருக்கிறார். அதை ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த விதியைப் பற்றி நான் முணுமுணுத்ததே இல்லை.

இனி நூர்ஜஹான்.

நூர்ஜஹானும் அவர் கணவர் சாகுல் பாயும் கட்டுமாவடிக்காரர்கள். பாய் வீட்டில் பரம்பரையாக மீன் வியாபாரம். இவர் மட்டும் குவைத்துக்குப் போய்விட்டார். நூர்ஜஹான் மகள் ரஹீமாவைப் படிக்க வைப்பதற்காகவே புதுக்கோட்டைக்கு வந்து, வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளை அப்போது ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறது. படிப்பில் கெட்டி. டவுனிலேயே காலேஜும் முடித்துவிட வேண்டும் என்பது நூர்ஜஹானின் ஆசை.

பாய் லீவில் வந்திருந்தார். இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். உட்காரும்போதே சண்டையோடுதான் உட்கார்ந்தார்கள்.

"பைபாஸ் பக்கம் மனை போட்டுருக்காங்க மேடம். இப்ப வாங்கிப் போட்டா நாளைக்கு டபுளாகும். டவுனுக்குள்ள பழைய வீட்டை எவனாச்சும் வாங்குவானா? சொன்னாக் கேக்க மாட்டேங்குறா," என்றார் பாய்.

நூர்ஜஹான் அவரைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "மேடம், நான் இந்த ஊருக்கு வந்து நாலு வீடு மாறிட்டேன். ஒவ்வொரு தரமும் வீடு பாக்கப் போனா மொதல்ல நல்லாத்தான் பேசுவாங்க. பேரைச் சொன்னதும் 'யோசிச்சுச் சொல்றோம்மா'ம்பாங்க. இப்ப இருக்கிற வீட்டுலயும் சொந்தக்காரங்க வர்றாங்க, காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. மனைல போயி நான் படுத்துக்க முடியுமா? எனக்கு வீடு வேணும். யாரும் எந்திரின்னு சொல்லாத வீடு."

"நீ ஏம்மா அதையெல்லாம் மேடத்துக்கிட்ட சொல்ற?" என்றார் பாய், கொஞ்சம் கூச்சத்தோடு.

"சொன்னாத்தானே தெரியும்."

எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப் போய்விட்டது.

நூர்ஜஹான் பார்த்து வைத்திருந்த வீடு வடக்கு ஊருணித் தெருவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். மன்னர் காலத்து வீதிகளுக்குப் பின்பக்கம் ஒதுங்கின மாதிரி ஒரு தெரு. தெருக்கோடியில் ஊருணி, ஊர் தண்ணீர் எடுத்த பழைய குளம். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, வைரவன் சார் முறைப்படியே நடந்தேன். வாசலுக்கு ஒரு மீட்டர். அயர்ன் வண்டியில் மூட்டை மூட்டையாக யூனிபார்ம். பெண் பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார்கள். ரஹீமாவின் பள்ளிக்கூடத்து மணி அங்கே கேட்டது. காசு போட்டு வைப்பவனுக்கு அந்தத் தெருவில் ஒன்றும் இல்லை. சந்து குறுகல், கார் உள்ளே வராது, வாடகையும் பெரிதாக ஏறாது. குடியிருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல தெரு அன்றைக்கு டவுனுக்குள் கிடையாது. மனசுக்குள் ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

அப்புறம் வீட்டுக்குள் போய் டேப்பைப் பிடித்து அளந்தேன், நூர்ஜஹானும் கூட வந்திருந்தார். கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் இடம், அதில் கிணறு. எட்டிப் பார்த்தேன். கையை விட்டால் தொட்டுவிடலாம் போல நிறைந்து கிடந்தது.

அது வைகாசி. ஊர் முழுக்கக் கிணறுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு அடிதடி. இந்த ஒரு கிணற்றில் மட்டும் எப்படித் தண்ணீர்?

வேறு ஜில்லாக்காரர்கள் பார்த்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நாங்கள் புதுக்கோட்டைக்காரர்கள். வற்றின கிணற்றைப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றும் தோன்றாது. நிறைந்த கிணற்றைப் பார்த்தால்தான் நின்று யோசிப்போம். எங்கேயோ சாக்கடை அடைத்துக்கொண்டு உள்ளே கசிகிறதா, மழைத்தண்ணீர் போகிற வரத்து வாய்க்காலை மூடி அதன் மேலேயே வீட்டைக் கட்டிவிட்டார்களா என்று சந்தேகம்தான் முதலில் வரும். போதாக்குறைக்குச் சமையல்கட்டுச் சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தது. புறங்கையை வைத்தேன். சில்லென்றது.

விற்கிற பெரியவரிடம் கேட்டேன். மகனோடு திருச்சிக்குப் போகிறவர் அவர். "இது எப்பவுமே வத்தாதும்மா. ஊருணித் தண்ணி ஊறுது" என்றார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்திலும் அதையேதான் சொன்னார்கள். தெருவில் ஒரு வீடு நல்ல விலைக்குப் போனால் எல்லோர் வீட்டுக்கும் மதிப்பு. யாரை நம்புவது?

ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சுத்தமான தண்ணீர் என்று வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வைரவன் சாரிடம் ஓடினேன்.

"தண்ணி சுத்தமா இருக்குங்கிறது வேற, எங்கேர்ந்து வருதுங்கிறது வேற," என்றார்.

"சார், தெரு ரொம்ப நல்லா இருக்கு சார். அந்தம்மாவுக்குன்னு அளந்து வச்ச மாதிரி இருக்கு."

"கோடையிலேயே கையெட்டுற ஒசரத்துல தண்ணி நிக்குது. மழை பேஞ்சா எங்க போகும்? வீட்டுக்குள்ள வந்தா?"

"வராதுன்னுதான் சார் தோணுது."

"தோணுதா, தெரியுமா?"

நான் பரிசோதனைத் தாளை மடித்தேன்.

"மழை வரட்டும். பாத்துட்டு எழுது. தெரியாததைத் தெரியும்னு எழுதாதே ஜெசிந்தா."

அவர் சொன்னதில் என்ன பிழை என்று இன்றைக்கும் என்னால் காட்ட முடியவில்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

நூர்ஜஹானிடம் போய் மழைக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "மழையா? இந்த ஊர்லயா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. பாயின் லீவு முடிய ஆவணி வரை நாள் இருந்தது. கோடை மழை ஒன்று வராமலா போய்விடும் என்றேன்.

வரவில்லை. வைகாசி போய் ஆனி போய் ஆடியும் வந்துவிட்டது. ஆடிக்காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது, மழை மட்டும் இல்லை. நான் ஆபீஸ் ஜன்னலிலேயே நின்றேன். ஒரு துண்டு மேகம் தென்பட்டால் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். தெருப் பிள்ளைகள் "மழை டீச்சர் வந்துட்டாங்க" என்று என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கட்டுமாவடியில் தன் அம்மா வீட்டில் இருக்கும்போதெல்லாம் சாகுல் பாய் போன் செய்வார். "மேடம், இங்க கடக்கரையில தூறுது. அங்கிட்டு பெய்யுதா?" கேலி பாதி, ஆதங்கம் பாதி. "இங்கிட்டு ஒரு பொட்டுகூட இல்லை பாய்" என்பேன்.

ஒருநாள் நூர்ஜஹான் மட்டும் வந்தார். உட்காரவில்லை.

"மேடம், ஒங்க சாரை விடுங்க. கம்பெனியை விடுங்க. ஒங்க கூடப்பொறந்தவ வந்து கேட்டா என்ன சொல்வீங்க? வாங்கலாமா, வேணாமா?"

என்னிடம் அந்த வேலைக்காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நேரான கேள்வி அதுதான். வாங்கம்மா என்று வாய் வரை வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள். நான் பார்த்தே இராதவள்.

"மழை பெய்யாமச் சொல்ல முடியாதும்மா. எனக்குத் தெரியலை," என்றேன்.

"சரி மேடம்," என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஆவணியில் பாயின் லீவு முடிந்தது. கையில் இருந்த பணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. பைபாஸ் மனைக்கே கடன் கேட்டார். போய்ப் பார்த்தவளும் நான்தான். செம்பாறை மேடு. ஊற்றின தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். சுற்றிலும் ஒரு குடி கிடையாது, ஆனால் ரோடு வருகிறது, விலை ஏறும். 'குடியிருக்க இப்போதைக்கு ஆகாது, முதலீட்டுக்கு மிகவும் ஏற்றது' என்று எழுதினேன். வைரவன் சார் படித்துவிட்டு, "இதான் ரிப்போர்ட்" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அன்றைக்கு அது எனக்கு இனிக்கவில்லை.

திருச்சிக்குப் போகிற பெரியவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? கடன் எதுவும் வேண்டாத ஒருவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். நூர்ஜஹான் புரட்டாசி வரை வீடு தேடினார். நானும் கூடவே அலைந்தேன், என் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்டுப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்ற பதில் எனக்கும் கிடைத்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் ரஹீமாவைக் கூட்டிக்கொண்டு கட்டுமாவடிக்கே போய்விட்டார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அங்கிட்டே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் பெய்தது மழை. அதுவரை விட்டதையெல்லாம் சேர்த்து ஊரையே புரட்டிப் போட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைகளுக்குள் தண்ணீர். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வடக்கு ஊருணித் தெருவுக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அந்த வீட்டுக்கு ரிப்போர்ட் கேட்பாரும் இல்லை. ஆனாலும் போனேன்.

தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. பெய்யப் பெய்ய ஓரத்துக் கால்வாயில் இறங்கி, ஊருணிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. கழுவிவிட்ட மாதிரி கிடந்தது தெரு. புது வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கோடையில் இருந்ததைவிடக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். பெரியவர் சொன்னது சரி, ஊருணியின் ஊற்றுதான். சமையல்கட்டு ஓதம் என்னவென்று கேட்டேன். பக்கத்துக் குளியலறைக் குழாயில் கசிவு இருந்ததாம். பிளம்பர் வந்து ஒரே நாளில் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாராம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். வானத்தைத் திட்டினேன், பெய்கிற மழையில் நின்றுகொண்டே.

நனைந்தபடி ஆபீசுக்குப் போய் வைரவன் சாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"நாம செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன?"

"வீடு போச்சு சார் அவங்களுக்கு."

அவர் டார்ச்சை எடுத்து மேசையின் மேல் வைத்தார். திரும்பவும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நனைஞ்சு நிக்கிறே, வீட்டுக்குப் போம்மா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஓய்வு பெறும் வரை அவர் விதியை மாற்றவும் இல்லை. அவர் இடத்துக்கு வந்த பிறகு நானும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் எத்தனை குடும்பம் கண்மாய்க்குள் போய் நின்றிருக்குமோ. விதி சரியானதுதான். ஒரு குடும்பத்தின் லீவு நாளுக்குள் மழை வந்தாக வேண்டும் என்று விதியில் எழுதவா முடியும்?

கார்த்திகா, உனக்கு இப்போது மார்க் போட்டுக் கொடுக்கிற அந்தத் தெரு இன்றைக்கு வேறு தெரு. சந்தை அகலப்படுத்தினார்கள். ஒரு டாக்டர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். மருந்துக்கடை, லேப், நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்க ரூம்கள் என்று வாசலெல்லாம் மீட்டர் வரிசை. அயர்ன் வண்டியில் யூனிபார்மே கிடையாது. போட்டு வைக்கிறவனுக்கு அது தங்கம். குடியிருக்கப் போகிற சின்னக் குடும்பத்துக்கு அந்தத் தெருவில் ராத்திரித் தூக்கம் இருக்காது. நீ போன் செய்தபோது இதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின மாதம்தான் நான் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுத்த விலாசத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே வீடுதான் ஸ்கேன் சென்டர். கூடத்தில் நாற்காலி போட்டு டோக்கன் கொடுக்கிறார்கள். பின்பக்கம் முழுக்கக் கான்கிரீட். கிணற்றை மூடிவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெசிந்தா மேடம்தானே?"

நூர்ஜஹான். முடி நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. பக்கத்தில் வயிற்றுப்பிள்ளையோடு ரஹீமா. இரண்டாவதாம். பிளஸ் டூ ஊர்ப்பக்கமே முடித்திருக்கிறாள். டவுன் காலேஜுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவது ஆகிற காரியமா, ஹாஸ்டலில் விட இவருக்கு மனசில்லை, ஒரு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை நல்ல பையன் என்றார். ரஹீமா என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். என்னை அவளுக்கு ஞாபகமில்லை என்று முதலில் நினைத்தேன்.

"மனை நல்லா ஏறிருச்சு மேடம்," என்றார் நூர்ஜஹான். "ரஹீமா அத்தா இன்னும் குவைத்துலதான் இருக்காக. 'பாத்தியா, நான் சொன்னேன்ல'ன்னு மனைப் பேச்சு வந்தாலே ஆரம்பிச்சுருவாக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். டோக்கன் கொடுக்கிற மேசையைக் காட்டினார்.

"அன்னைக்கு நீங்க டேப்பைப் பிடிச்சு அளந்துக்கிட்டு இருந்தீங்க. நான் இந்த எடத்துல நின்னு, ரஹீமாவுக்குப் படிக்கிற மேசையை இங்கனதான் போடணும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். ஜன்னலு வெளிச்சம் நேரா விழும் பாருங்க."

"உம்மா, விடும்மா," என்றாள் ரஹீமா, மெதுவாக. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது என்று தெரிந்தது.

"அப்ப மழை பேஞ்சப்புறம் வந்து பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேம்மா."

"தண்ணி நின்னுச்சா?"

"நிக்கலை."

"அப்ப வாங்கியிருக்கலாமா?"

"வாங்கியிருக்கலாம்மா. குடியிருக்க அதைவிட நல்ல வீடு அப்ப இந்த ஊருல இல்லை."

இத்தனை வருஷ வேலையில் ஆனால், எனினும், ஒருவேளை என்று எதுவும் சேர்க்காமல் நான் சொன்ன ஒரே ரிப்போர்ட் அதுவாகத்தான் இருக்கும். நூர்ஜஹான் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைத் திறந்து போனை எடுத்தார். நம்பரை அழுத்திக் காதில் வைத்து, "நான்தான். ஜெசிந்தா மேடம் பேசுறாங்க, கேட்டுக்கங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார்.

"ரொம்ப நாளா எங்களுக்குள்ள இதே சண்டைதான் மேடம். 'மேடமே வேணாம்னுட்டாங்க'ன்னு சொல்லி என் வாயை அடைச்சுருவாக. நீங்களே சொல்லுங்க."

போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம்.

"பாய், நல்லா இருக்கீங்களா? ஜெசிந்தா பேசுறேன். அந்த ஊருணித் தெரு வீடு... அதை வாங்கியிருக்கலாம் பாய். உங்க வீட்டம்மா சொன்னதுதான் சரி."

உள்ளேயிருந்து ரஹீமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, அம்மாவின் தோளில் கை போட்டு நடந்தாள்.

"இப்ப சொல்றீங்களே மேடம்," என்றார் சாகுல் பாய்.